பவளம் இல்லாமல் ஒரு பவளப்பாறைத் தொட்டி

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவரை முதலில் தடுத்து நிறுத்துவது கடைக்காரர் எழுதித் தரும் பட்டியல்தான். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), இறக்குமதி உப்பு, இறக்குமதி பாறை, நீல விளக்கு, கால்சியம் ஊற்றும் கருவி என்று போகும். அதில் விலை கூடியவற்றில் பெரும்பாலானவை பவளத்தை உயிரோடு வைத்திருக்கத் தேவைப்படுபவை. பவளத்தை விட்டுவிட்டுப் பாறை, கடற்பாசி, மீன் என்று நின்றுகொண்டால், தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ ஒரு நடுத்தரக் குடும்பம் 400 லிட்டர் தொட்டியை நடத்திவிடலாம்.

பவளத்தை விடுவது செலவுக்காக மட்டும் அல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001 முதல் இருக்கின்றன. கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில்தான். செத்த பவளத் துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். எனவே ராமேசுவரம் பக்கத்துச் சரக்கு என்று சொல்லி யாராவது ‘உயிர்ப்பாறை’ (நுண்ணுயிர் குடியேறிய பாறை) நீட்டினால் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் மன்னார் வளைகுடாவில் உடைத்த பவளமாகத்தான் இருக்கும். மற்ற உயிர்களையும் எங்கிருந்து வந்தன என்று காட்ட ரசீதும் ஆவணமும் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பெரிய தொட்டி ஏன்?

சின்னத் தொட்டிதான் சிக்கனம் என்று தோன்றும். கடல்நீரில் அப்படி இல்லை. 50 லிட்டர் தொட்டியில் ஒரு நாளில் ஒரு லிட்டர் ஆவியானால் உப்புச் செறிவு (லிட்டருக்குச் சுமார் இத்தனை கிராம் என்ற கணக்கு) 35-லிருந்து 35.7-க்கு ஏறிவிடும். அதே ஒரு லிட்டர் 400 லிட்டரில் போனால் ஏற்றம் 0.1-கூட இல்லை. ஒரு மீன் பாறை இடுக்கில் செத்துக் கிடந்தாலும், தண்ணீரைக் குளிரவைக்கும் மின்விசிறி அரை நாள் நின்றாலும், தீவனம் கொஞ்சம் கூடிப்போனாலும் பெரிய தொட்டி மெதுவாகத்தான் கெடும். நீங்கள் கவனித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சின்னத் தொட்டியில் அந்த நேரத்தைக் கருவிகளால் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

நல்ல அளவு: 4 அடி நீளம், 2 அடி அகலம், 20 அங்குல உயரம். உயரத்தைக் கூட்டினால் கண்ணாடித் தடிமனும் விலையும் ஏறும். மீனுக்குப் பயன் இல்லை. 12 மி.மீ. கண்ணாடி, மேல் விளிம்பைச் சுற்றி 3 அங்குலப் பட்டி. ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் வேண்டும். குளியலறைக்கென்று விற்பதில் அந்த மருந்து இருக்கும், அது மீனைக் கொல்லும். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைத்துக் கசிவு பாருங்கள்.

கீழே வைக்கும் சம்ப், அதாவது தண்ணீரை வடிகட்டி மேலே அனுப்பும் தொட்டி, 3 அடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம். இரண்டிலும் சேர்த்து, பாறைக்கும் மணலுக்கும் போக, 400 லிட்டர் அளவில் தண்ணீர் நிற்கும். ஸ்டாண்டோடு மொத்த எடை 600 கிலோவைத் தாண்டும். தரைத்தளத்தில்தான் வைக்க வேண்டும். கட்டையும் செங்கல்லும் வைத்துப் போட்ட பழைய மாடித் தளத்தில் கூடவே கூடாது. 40 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் ஸ்டாண்ட் அடித்து, எபாக்ஸி பெயின்ட் இரண்டு கோட் கொடுத்து, மேலே தண்ணீர் தாங்கும் பிளைவுட்டும் தெர்மாகோலும் போட்டால் போதும். மதியத்துக்குப் பிறகு சூடேறும் மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

சம்ப் எதற்கு, அது எப்படி வீட்டை நனைக்கும்?

மேல்தொட்டியில் ஒரு ஓரத்தில் துளையிட்டு, நிரம்பி வழியும் தண்ணீர் பி.வி.சி. குழாய் வழியாகச் சம்புக்கு இறங்கும். அங்கே வடிகட்டியில் தங்கி, கடற்பாசி வளர்க்கும் அறையைக் கடந்து, பம்ப் மூலம் மறுபடி மேலே போகும். துளையை ஒட்டுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். டஃபன் செய்த கண்ணாடி துளையிட்டால் சிதறிவிடும். இறங்கும் குழாய் இரண்டாக இருக்கட்டும். ஒன்றில் நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால் இன்னொன்று காப்பாற்றும்.

பம்பின் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது உயரமே இல்லாத நிலையில் தள்ளும் அளவு. ஐந்தடி ஏற்றினால் அதில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே மணிக்கு 1,200 முதல் 1,500 லிட்டர் வேண்டும் என்றால் 3,000 லிட்டர் பம்ப் வாங்க வேண்டும்.

புதியவர்கள் வீட்டில் வெள்ளம் வருவது பெரும்பாலும் கரண்ட் போகும்போதுதான். பம்ப் நின்றதும், அது தண்ணீரை மேலேற்றிய குழாயே சைஃபனாக மாறி மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். மேலே ஓர் அங்குலம் இறங்கினால் 19 லிட்டர். குழாயின் வாய் இரண்டங்குலம் முங்கியிருந்தால் 38 லிட்டர் சம்புக்கு வரும். சம்பில் அது நாலேகால் அங்குலம் ஏறும். ஆகவே 15 அங்குல சம்பை 9 அங்குலத்துக்கு மேல் நிரப்பி ஓட்டக் கூடாது. குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். அந்த ஓட்டையை வாரம் ஒருமுறை டூத்பிரஷ்ஷால் தேய்த்துவிட வேண்டும், பாசி மூடிவிடும். எல்லாம் பொருத்திய அன்றே, பகலில், நீங்களே சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர்

கடல் பக்கத்தில் இருப்பதுதான் டெல்டாக்காரருக்குக் கிடைத்த பெரிய சலுகை. ஆனால் எல்லாக் கரைநீரும் ஒன்றல்ல. கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து தெற்கே வரிசையாக ஆறுகள் கடலில் சேர்கின்றன. வடகிழக்குப் பருவமழை நாளில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கரையோர நீர் உப்புக் குறைந்து, சேறும் வயல் மருந்தும் கலந்து வரும். ஜனவரி முழுக்கக்கூடப் பொறுத்திருப்பது நல்லது. மார்ச் முதல் செப்டம்பருக்குள், முகத்துவாரத்தையும் மீன்பிடித் துறைமுகத்தையும் விட்டுத் தள்ளி, கடல் ஏற்றம் முழுசாக இருக்கும்போது எடுங்கள். கோடியக்கரைக்கு மேற்கே பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமில்லாமல் கலங்கலாக இருக்கும். தரங்கம்பாடி மாதிரித் திறந்த கரையே மேல். 20 லிட்டர் கேன் இருபது, ஒரு குட்டி யானை வண்டி. முதல் நிரப்பலுக்கு அவ்வளவுதான்.

கொண்டுவந்த நீரைத் துணியில் வடித்து மூடிய டிரம்மில் ஊற்றி, 400 லிட்டருக்குச் சுமார் 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஏர் பம்ப் ஓட விடுங்கள். இரண்டு மூன்று நாளில் குளோரின் போய்விடும். குளோரின் கிட்டில் நிறமே வரவில்லை என்று உறுதியான பிறகுதான் தொட்டிக்கு.

குளோரின் கிட், அம்மோனியா கிட், உப்புமானி, காற்றுக்கல் எல்லாம் நாகப்பட்டினம், சீர்காழி, வேதாரண்யம் வட்டாரத்தில் இறால் பண்ணைக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அலங்கார மீன் கடைகளில் தேடுவதற்கு முன் அங்கே கேளுங்கள். உப்புமானியை நம்புவதற்கு முன் சோதித்துக்கொள்ளவும் வேண்டும்: அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்து ஒரு சொட்டு விட்டால் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகைச் சரிசெய்யுங்கள். வெறும் தண்ணீர் விட்டுப் பூஜ்யம் பார்ப்பது மட்டும் போதாது. பூஜ்யத்தில் சரியாக இருந்து 35-இல் தப்புகிற மானிகள் உண்டு.

வேதாரண்யத்தில் உப்பு மலையாகக் குவிந்திருக்கும்போது அதையே கரைத்துக்கொள்ளக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். கூடாது. பாத்தியில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்னாலேயே படிந்துவிடும். மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நடுவில் அள்ளுவது கிட்டத்தட்டத் தனி சோடியம் குளோரைடு. அதில் மீன் தாங்காது.

இன்னொரு எச்சரிக்கை, குறிப்பாகக் கும்பகோணத்து வீடுகளுக்கு. செம்பு, பித்தளைப் பாத்திரம் எதுவும் இந்தத் தண்ணீரில் படக் கூடாது. பித்தளைக் குழாய்முனை, செம்புக் கம்பி தண்ணீரில் படுகிற மோட்டார் எல்லாம் சேர்த்தி. மீனுக்குத் தெரியாத அளவு செம்பும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

பாறை

பவளப் பாறை கிடையாது, நாமே வார்க்கலாம். ஒரு பங்கு வெள்ளைச் சிமென்ட் அல்லது சாம்பல் கலக்காத ஓ.பி.சி. சிமென்ட், மூன்று பங்கு உடைத்த கிளிஞ்சல், ஒரு பங்கு கல்லுப்பு; வாளிக் கணக்குதான். கிளிஞ்சல் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும் சரக்கே போதும், நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கொழுக்கட்டை மாவு பதத்துக்குப் பிசைய வேண்டும். ஈர மணலில் குழி தோண்டி, கோணல்மாணலாக அப்பி, நடுவே ஒன்றரை அங்குலக் குழாய்த் துண்டைச் செருகிவைத்துப் பின்னால் உருவினால் குகை கிடைக்கும். கலவையில் போட்ட கல்லுப்பு பின்னால் ஊறிக் கரைந்து ஆயிரக்கணக்கான பொந்துகளை விட்டுப்போகும். பாக்டீரியா குடியேறப்போவது அந்தப் பொந்துகளில்தான்.

மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடி, பிறகு பழைய தொட்டியில் ஊறவிட்டு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். புதுச் சிமென்ட் ஊறும் நீரின் பி.எச். 11, 12 வரை போகும். ஆறு வாரமாவது ஆகும். ஒரு துண்டைத் தனி வாளியில் மூன்று நாள் போட்டு, பக்கத்தில் வெறும் தண்ணீர் வாளியும் வைத்து அளந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் பாறை தயார். அவசரப்பட்டு மூன்றாம் வாரம் போட்டால் தொட்டி வெளுத்துக் கலங்கும், மீனின் செவுள் வெந்துபோகும்.

30 கிலோ பாறை போதும். முதலில் கண்ணாடி மேல் பாறையை நிறுத்துங்கள், பிறகு மணல். மணல் மேல் பாறை வைத்தால் மீன் அடியில் தோண்டிச் சரித்துவிடும். கடற்கரை மணலையும் காவிரி மணலையும் அள்ளி வராதீர்கள். சட்டமும் இடம் தராது, கரிய கனிமமும் சிலிக்காவும் நிறைந்த அந்த மணலால் பயனும் இல்லை. பொடித்த கிளிஞ்சல் ஓர் அங்குலம், ஏறக்குறைய 30 கிலோ. பணம் இல்லையென்றால் மணலே வேண்டாம்.

பாக்டீரியா குடியேறும் வரை

புதியவர் ஒன்றை மட்டும் புரிந்துகொள்வதானால் இதைப் புரிந்துகொள்ளட்டும். மீனின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அம்மோனியாவாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். நைட்ரேட்டைக் கடற்பாசி உறிஞ்சிக்கொள்ளும். புதுத் தொட்டியில் முதல் வகையே இருக்காது. கடல்நீரின் பி.எச். 8.2, அங்கே அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு, பி.எச். 7 உள்ள நன்னீரில் இருப்பதைப்போலப் பத்து மடங்குக்கு அருகில் வரும். தங்கமீன் தொட்டியில் ஒரு மீனை விட்டுத் ‘தொட்டியைப் பழக்கும்’ வழக்கம் கடல்நீரில் மீனைக் கொல்லும் வழக்கமாகிவிடுவது அதனால்தான். நைட்ரைட் மட்டும், நன்னீரில் இருக்கும் அளவுக்குக் கடல்நீரில் கொடியதல்ல. கடலில் உள்ள குளோரைடு அதை மீனின் இரத்தத்தில் புகவிடாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

மீனுக்குப் பதில் அம்மோனியம் குளோரைடு போடுங்கள். 400 லிட்டருக்கு 2.5 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் அதில் ஈயமும் செம்பும் கலந்திருக்கலாம். ஆய்வகத் தரத்தில் வாங்குங்கள், நூறு கிராம் பல வருடத்துக்கு வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். அம்மோனியா தீரத்தீர அதே 2.5 கிராம் மறுபடி. போட்ட 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார். நம் வெப்பத்தில் மூன்று முதல் ஆறு வாரம். அதற்குப் பின் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை யோசிக்கலாம்.

வெயில்

டெல்டாவில் கடல்தொட்டியின் மெய்யான செலவு குளிர்விப்பதில் இருக்கிறது. தண்ணீர் 26 முதல் 28 டிகிரியில் நிற்பது நல்லது. பவளம் இல்லாத தொட்டி 29 வரை தாங்கும். 30 டிகிரிக் கடல்நீரில் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், 25 டிகிரியில் 6.7. மேலே போகப்போக மீனுக்குத் தேவை கூடும், இருப்பு குறையும்.

சில்லருக்கு முன்னால் மின்விசிறியை நம்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் ஆவியாகும்போது 0.67 யூனிட் அளவு வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக வீசும் இரண்டு சின்ன விசிறிகள் ஒரு நாளில் ஆறு லிட்டரை ஆவியாக்கினால் நான்கு யூனிட் வெப்பம் வெளியேறியதாகக் கணக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் சித்திரை, வைகாசி உலர்காற்றில் இது மூன்று டிகிரி வரை குறைத்துவிடும். நாகப்பட்டினத்தில் கடற்காற்று ஈரமாக இருப்பதால் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது; அங்கே அறைச் சன்னலையும் திறந்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அறைக்குள் ஈரம் தேங்கி விசிறி பயனற்றுப்போகும். மேல்மூடிக்குப் பதில் கொசுவலை மாட்டுங்கள், மீன் குதிக்கும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்ததை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், கடல்நீரால் அல்ல. தினம் ஆறு லிட்டர் கடல்நீர் ஊற்றினால் நாளுக்கு 210 கிராம் உப்பு கூடும். பத்தே நாளில் 35 என்பது 40-ஐத் தாண்டிவிடும். நல்ல தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீர், டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) 20-க்குக் கீழே. வீட்டு ஆர்.ஓ. கருவியில் சுவைக்காகப் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் திருகு இருக்கும், அதை மூடிவிட்டு அளந்து பாருங்கள். போர் தண்ணீர் வேண்டாம். ஐப்பசியில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டுக் கழுவிய சிமென்ட் தளத்திலிருந்து பிடித்த மழைநீர் அருமையானது; தகரக் கூரையிலிருந்து பிடிக்காதீர்கள், துத்தநாகம் வரும்.

மின்கணக்கு இது: மேலேற்றும் பம்ப் 35 வாட், வேவ் மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) இரண்டும் சேர்ந்து 20 வாட், 100 வாட் வெள்ளை எல்.இ.டி. எட்டு மணி நேரம், பாசி அறைக்கு 20 வாட் விளக்கு பன்னிரண்டு மணி நேரம், விசிறிகள் 30 வாட் பன்னிரண்டு மணி நேரம். நாளுக்கு 2.7 யூனிட், இரண்டு மாத பில்லில் 163 யூனிட். வீட்டு உபயோகம் ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொடுகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள். அதைத் தாண்டினால் பில் எகிறும். சில்லர் சேர்த்தால் கோடையில் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும்.

பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை வரை மின்தடை என்பது நமக்கு வழக்கம்தான். அப்போது ஓட வேண்டியது ஒரு வேவ் மேக்கரும் ஒரு ஏர் பம்பும் மட்டும். 150 ஆம்பியர் பேட்டரி இன்வெர்ட்டரில் வீட்டு விளக்கும் விசிறியும் சேராமல் இவ்விரண்டும் ஒரு நாள் முழுக்க ஓடும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கத்து ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் வைத்தது. புயல் அறிவிப்பு வந்ததும் தீவனத்தை நிறுத்துங்கள். நன்றாக இருக்கும் மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும், கெட்ட தண்ணீரை அரை நாள்கூடத் தாங்காது.

யாரை விடுவது?

முதலில் கடற்பாசி. சம்பின் நடு அறையில் ஒரு கை அளவு போட்டு இரவில் விளக்கு எரியவிட்டால், ஸ்கிம்மர் வாங்கும் செலவை முதல் வருடம் தள்ளிப்போடலாம். பகலில் மேலே, இரவில் கீழே என்று மாறிமாறி விளக்கு எரிந்தால் பி.எச். இரவில் அதிகம் சரியாது. கப்பாபைகஸ் பாசி மட்டும் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சடைத்த இனம் அது.

மீனில் கோமாளி மீன் ஒரு ஜோடி. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை உருவாக்கியிருப்பதால் பண்ணையில் பிறந்த மீன் கிடைக்கிறது. கேட்டு வாங்குங்கள். அது தீவனம் பழகியிருக்கும், நோய் குறைவு, கடலில் ஒன்றும் குறையாது. கடலில் அது அண்டி வாழும் கடல்தாமரை (அனிமோன்) இல்லாமலே தொட்டியில் வாழும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று என்று கோபி, பிளென்னி, குரோமிஸ் சேர்த்து மொத்தம் எட்டுச் சிறு மீனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சி மீன் மலிவாகக் கிடைக்கும், கண்ணைப் பறிக்கும். அதில் பல இனங்கள் பவளத்தைக் கொத்தியே வாழ்பவை, உங்கள் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

வரும் ஒவ்வொரு மீனும் 60 லிட்டர் தனித் தொட்டியில் நான்கு வாரம் இருக்கட்டும். வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தை அங்கேதான் கொடுக்க முடியும். பெரிய தொட்டியில் நோய் புகுந்துவிட்டால் மீன் அத்தனையையும் வெளியே எடுத்து இரண்டரை மாதம் மீனில்லாமல் காலியாக ஓட்டுவதைத் தவிர நிச்சயமான வழி இல்லை.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை 40 லிட்டர் மாற்றுங்கள், இரண்டு கேன். எடுத்த நீரில் 1.4 கிலோ உப்பு இருக்கும். அதைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். உப்பேறிய மண்ணோடு போராடுகிற ஊர் நம்முடையது. சாக்கடையில் விடுங்கள். வெட்டிய பாசியை எந்த நீர்நிலையிலும் போடாமல், நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் காயவைத்துத் தென்னைக்கு உரமாகப் போடலாம்.